சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது டயர் வண்டி வந்துவிட்டதால் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி தெரியாது. ஆசாரி பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வளைத்து ஒட்டுவார். அப்படியே அடித்தால் ஏறாது. வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, பட்டையைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். நாலு பேர் குறடு போட்டுத் தூக்கி வந்து வைத்தால் சுலபமாக உட்கார்ந்துகொள்ளும். மரம் கருகிப் புகை கிளம்பும்போதே குடம் குடமாகத் தண்ணீர் விடுவார்கள். பட்டை சுருங்கும், ஆரக்கால் எல்லாம் இறுகிக்கொள்ளும்.

இரும்பு சூட்டில் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். 5 அடிக் குறுக்களவுள்ள சக்கரத்தின் பட்டை 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 1 அங்குலத்துக்கு மேல் நீளும். ஆசாரி கணக்குப் போட்டா பார்த்தார்? கை சொன்னபடி செய்தார், சரியாக இருந்தது.

சக்கரத்துக்கு நன்மை செய்த அதே தண்ணீர் டீசல் எஞ்சினுக்கு எமனாகிவிடும். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் பம்புசெட்டுகளில் பலவற்றில், பம்பு இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு குழாய் எஞ்சினுக்குப் போய் அதைக் குளிர வைக்கிறது. கோடையில் கிணற்று நீர் கீழே இறங்கிவிட்டால் பம்பு காற்றை இழுக்கும். தண்ணீர் நின்றுவிடும். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும்! நாம் வாய்க்கால் கடைசியில் மடை திருப்பிக்கொண்டிருப்போம். திரும்பி வரும்போது எஞ்சின் கொதித்துக் கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் பதறிப்போய், பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே மேலே கொட்டிவிட்டார். "டக்"கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்டில் விரிசல். கரும்பு காய்கிற சமயத்தில் புது ஹெட்டுக்கு அலைந்தார்.

ஏன் விரிந்தது? வண்டிப் பட்டை இழுத்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கிற இரும்பு. எஞ்சின் ஹெட் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது நெகிழாது, உடையும். தண்ணீர் பட்ட மேல்பக்கம் சட்டென்று சுருங்கப் பார்க்கிறது. உள்பக்கமோ இன்னும் சூட்டில் பருத்து நிற்கிறது. ஒன்றையொன்று இழுத்தால் பிளக்காமல் என்ன செய்யும்? எரிகிற அரிக்கேன் விளக்கின் சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் தெறிக்கிறதே, அதே கதைதான்.

மேலே ஊற்றவில்லை, ஆகவே தப்பித்தோம் என்றும் இருக்க வேண்டாம். சில பேர் எஞ்சினை நிறுத்தி, உடனே பம்பில் தண்ணீர் நிரப்பி மறுபடி ஓட்டுகிறார்கள். அப்போது குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் எஞ்சினுக்குள் பாய்கிறது. பலன் ஒன்றுதான்.

ஆகவே எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகிவிட்டால் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் விடாதீர்கள். வெறுங்கையைத் தாராளமாக வைக்கிற அளவுக்கு அது தானாகவே ஆறட்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அதற்குள் ஃபுட் வால்வு தண்ணீருக்குள் முங்கியிருக்கிறதா, சிறு குழாயில் பாசியோ சேறோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டிராக்டராக இருந்தால் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆவி முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று. பி.வி.சி. குழாய் இரும்பைவிட ஐந்தாறு மடங்கு நீளும். 6 மீட்டர்க் குழாய் 30 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். உச்சி வெயிலில் தரைமேல் போட்டு ஒட்டினால் இரவுக் குளிரில் சுருங்கி இணைப்பை இழுக்கும். காலையில் ஒட்டுங்கள், மண்ணில் புதையுங்கள்.

டீசல் டிரம்மையும் வாய்வரை நிரப்பி வெயிலில் வைக்க வேண்டாம். 200 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் 3 லிட்டருக்கு மேல் பெருகும். கொஞ்சம் இடம் விட்டு, நிழலில் வையுங்கள்.