சயனைட் மேட்டின் மேல் ஒரு வீண்பழி

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டை சலூனில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கறுப்புத் துணியைப் போர்த்திவிடுவார்கள். சீப்பு நாலு தடவை ஓடினால் போதும், துணிமேல் வெள்ளை வெள்ளையாக உதிரும். "இன்னா தம்பி, தலைல இவ்ளோ பொடுகு?" என்பார் கடைக்காரர். "எல்லாம் சயனைட் மண்ணுதான்ணா" என்று பதில் தயாராக இருக்கும். மண்ணை விட்டால் போர் தண்ணீர்.

சயனைட் மேட்டைத் திட்ட இந்த ஊருக்கு முழு உரிமை உண்டு. பாறையை மாவாக அரைத்து, சயனைட் கொண்டு தங்கத்தை எடுத்தபின் மிஞ்சிய கழிவு மட்டும் 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். மேட்டை மூட ஆளில்லை. காற்றடிக்கும் மாதங்களில் அந்தப் பொடி கொடியில் காயும் துணியிலும் சோற்றுத் தட்டிலும் வந்து உட்காரும். கண் எரியும், தொண்டை கமறும். அத்தனையும் நியாயமான புகார்கள். பொடுகை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

காரணம், பொடுகின் சரித்திரம் சயனைட்டை விடப் பழையது. தாதுவிலிருந்து சயனைட் கொண்டு தங்கம் பிரிக்கும் முறைக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் காப்புரிமை வாங்கியது 1887-ல். இங்கே சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் கால் வைத்ததே 1880-ல்தான். அதற்கும் முன்பு, 1874-லேயே, லூயி-சார்ல் மலாசே என்ற பிரெஞ்சு அறிஞர் மனிதத் தலையிலிருந்து உதிர்ந்த செதிலை நுண்ணோக்கியில் வைத்து, அதில் ஒரு பூஞ்சையைக் கண்டு எழுதிவிட்டார். அவர் பெயரிலேயே அதை இன்று மலசீசியா என்கிறார்கள்.

இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து தொற்றிக்கொள்வதல்ல. பொடுகு இருப்பவர், இல்லாதவர், எல்லார் தலையிலும் குடியிருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்கத் தெரியாததால், தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உடைத்துத் தின்கிறது. 2007-ல் இதன் மரபணு வரிசையை முழுவதும் படித்துச் சொன்னவர்கள், ஷாம்பு விற்கும் ஒரு பெரிய அமெரிக்க கம்பெனியின் விஞ்ஞானிகள். அவர்களுக்கு இல்லாத அக்கறையா! தின்றது போக மிச்சமாக ஒலியிக் அமிலம் தோலில் தங்குகிறது. சிலருடைய தோல் அதைத் தாங்கிக்கொள்ளும். சிலருடைய தோல் தாங்காது; அரிக்கும், செல்கள் அவசரமாகப் பெருகி, முதிருமுன்பே கொத்துக் கொத்தாக உதிரும். ஒரே வீட்டில், ஒரே குழாய்த் தண்ணீரில் குளிக்கும் அண்ணனுக்குப் பொடுகு இருந்து தம்பிக்கு இல்லாமல் போவது இதனால்தான்.

மீசை அரும்பும் வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன, பொடுகும் அப்போதே தொடங்குகிறது. பனிக்காலத்தில் கூடும். கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிக உயரத்திலிருக்கும் கோலார் தங்கவயலில் மார்கழி வறட்சி எப்படியென்று சொல்லத் தேவையில்லை. கவலையும் தூக்கக்கேடும் சேர்ந்தால் இன்னும் மோசம். விடியுமுன் எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடிக்கிற ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

இங்கே பாட்டிமார் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலை வறண்டுபோய்த்தான் செதில் உதிர்கிறது என்று நினைத்து நல்லெண்ணெயைத் தேய்த்து ஊறவைப்பார்கள். அந்த எண்ணெயில் சுமார் 40 சதவீதம் அதே ஒலியிக் அமிலம்தான். செதில் படிந்து அடங்கியதுபோலத் தெரியும். அரிப்பு திரும்பி வரும். பொடுகு அடங்கும் வரையாவது சனிக்கிழமை எண்ணெயை நிறுத்தி வைப்பது நல்லது. எலுமிச்சைச் சாற்றை அப்படியே தேய்ப்பதும் வேண்டாம், புண்பட்ட தோல் எரியும்.

மருந்து விஷயத்தில் விளம்பரத்தைப் பார்க்காமல் பாட்டிலின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். லேசான பொடுகுக்கு ஜிங்க் பைரிதியோன் உள்ள சாதாரண ஷாம்பு போதும், பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட்டாக இருந்தாலும் சரி. அடங்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் 2 சதவீத கீட்டோகோனசோல். கடும் பொடுகு உள்ளவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரத்தில் முதலாவது 67 சதவீதமும் இரண்டாவது 73 சதவீதமும் குறைத்தன. விலையில் இருக்கும் வித்தியாசம் பலனில் அவ்வளவு இல்லை. செலினியம் சல்பைடும் நன்றாக வேலை செய்யும். ஆனால் நகையில் பட்டால் அதன் நிறம் மாறலாம். தங்கவயல்காரர்கள் தோட்டையும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் பலர் வீணடிப்பது ஒரே இடத்தில்: நுரை வந்ததும் அலசிவிடுகிறார்கள். தலைமயிருக்கு அல்ல, தோலுக்குப் படும்படி விரல் நுனியால் தேய்த்து, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விட வேண்டும். வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம். அதன்பின் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை. பூஞ்சையை அடியோடு ஒழிக்க முடியாது. நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பவும் தலைகாட்டும். மருந்து கேட்கவில்லை என்று அதற்குப் பொருளில்லை.

மெடிக்கல் ஷாப்காரர் தரும் ஸ்டீராய்டு லோஷனை டாக்டர் சொல்லாமல் தடவுவது வேறு விஷயம். அரிப்பு உடனே நிற்கும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்துபோகும்.

தலையில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பொடுகல்ல. சுண்டினால் விழாமல் மயிரோடு ஒட்டியிருப்பது ஈர். வெள்ளி நிறத்தில் தடித்த செதில் நெற்றி வரை இறங்கி, முழங்கை முழங்காலிலும் இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். பள்ளிப் பிள்ளையின் தலையில் வட்டமாக முடி உடைந்து செதில் படிந்தால் அது பெரும்பாலும் படை. அதற்கு ஷாம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும், தோல் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையாதவர்களும் அதே வரிசையில் போய் உட்காரலாம்.