மழைக்காலத்தில் மலையேறுகிறீர்களா?

கேமரன் மலையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை அதிகம். பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். எனவே கம்போங் ராஜாவில் தங்குபவர்கள் காலையிலேயே நடையைத் தொடங்கி, மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

பிரிஞ்சாங் அருகே, 2,110 மீட்டர் உயரமுள்ள ஈராவ் மலைப் பாதையெங்கும் வேரும் சேறும்தான். வனத்துறை அனுமதி, மழைச்சட்டை, கைவிளக்கு கட்டாயம்.

எந்தப் பாதையில் போகிறீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் தனியே உலாவப் போன பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் திரும்பவே இல்லை. பெரும் தேடுதல் நடந்தும் தடயம் கிடைக்கவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தால் பாதி வழியில் திரும்புங்கள். மலை எங்கும் ஓடிவிடாது. ஈர உடையை மாற்றிக்கொண்டு சூடாகத் தோசையும் தேநீரும் சாப்பிடுங்கள். இரவில் குடும்பத்தோடு, இந்த மலையில் விளைந்த கீரையையும் காய்கறியையும் ஸ்டீம்போட்டில் வேகவைத்துச் சாப்பிட்டால் குளிர் பறந்துவிடும்.