எதிர்வீட்டுப் பையனின் மாடி



சென்னையை அடுத்த வேப்பம்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு அம்மா போன மாதம் என்னிடம் கேட்டார்: "எதிர்வீட்டுப் பையன் சிங்கப்பூர் போய் நாலே வருஷத்துல மாடி எடுத்துட்டான் சார். என் பையனும் அவன்கூட ஐ.டி.ஐ. படிச்சவன்தான், அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டுறான். இவனும் போனா அவ்வளவு சம்பாதிப்பானா?"

ஒரே படிப்பு, ஒரே வயது, ஒரே தெரு. "சம்பாதிப்பான்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த எதிர்வீட்டுப் பையனை யாரும் சீட்டுக் குலுக்கிப் போட்டு அனுப்பவில்லை. அவனுக்கு அங்கே ஒரு மாமன் உண்டு. அம்மாவின் நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குப் பணம் கட்டுகிற துணிச்சல் உண்டு. கட்டுமான வேலைக்குச் சிங்கப்பூர் போகிறவர்கள் இங்கேயே ஒரு தொழில் தேர்வில் தேற வேண்டும், அதிலும் தேறினான். பாதி அவனே தன்னைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான், மீதியை அந்தத் தேர்வு பார்த்துக்கொண்டது. பொருளியலில் இதைச் சுயதேர்வு என்கிறார்கள்.

1951-ல் ஏ. டி. ராய் என்பவர் இதை ஒரு கற்பனை ஊரை வைத்து விளக்கினார். பெயரைக் கேட்டு வங்காளி என்று நினைத்துவிடாதீர்கள், ஆங்கிலேயர். அந்த ஊரில் இரண்டே தொழில்: முயல் பிடிப்பது, மீன் பிடிப்பது. முயல் யார் கையிலும் சிக்கும். மீன் அப்படியில்லை, கைதேர்ந்தவனுக்குக் கூடை நிறையும், மற்றவனுக்குத் தூண்டில்தான் மிச்சம். மீன்காரன் கூடையைப் பார்த்து முயல்காரன் தூண்டிலைத் தூக்கினால் அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்காது. இந்தக் கணக்கை 1987-ல் குடிபெயர்வுக்குப் பொருத்திப் பார்த்தவர் ஜார்ஜ் போர்ஹாஸ். அவரே கியூபாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். திறமைக்குத் தக்கபடி கூலி ஏறுகிற நாட்டுக்குத் திறமைசாலிகள் கிளம்புவார்கள். எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே கூலி என்கிற நாட்டுக்கு மற்றவர்கள் கிளம்புவார்கள் என்றார்.

இதே கணக்கோடு நம்ம அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வாருங்கள். டீக்கடையில் தினமும் கேட்கிற பேச்சு இது: "ஒடிசா, பீகார்ப் பசங்க மாதிரி நம்ம பசங்களுக்கு உடம்பு வணங்காது சார். அவனுங்க லீவே போடறதில்ல." எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதே இல்லை. மொழி தெரியாத ஊருக்கு ஒன்றிரண்டு ராத்திரி ரயிலில் நின்றுகொண்டு வந்தவன் அவன். உடம்பு வணங்காதவன் அங்கேயே, அவன் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவனை நாம் பார்க்கவில்லை. நம் ஊரில் அதே மாதிரி வேகம் உள்ளவன் சிங்கப்பூரில் சாரம் ஏறிக்கொண்டிருக்கிறான். 2015-ல் எடுத்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றது; அதிகம் பேர் இருந்தது சிங்கப்பூரில்தான். அங்கே இருக்கிற மேஸ்திரி நம்ம பையனைக் காட்டி, "இவனுங்க லீவே போடறதில்ல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார். பீகாரிலிருந்து கிளம்பி வந்தவனையும் இங்கேயே தங்கிவிட்டவனையும் ஒரே தராசில் வைத்து, ஒரு மாநிலத்துக்கே சோம்பேறிப் பட்டம் கட்டுகிறோம்.

பெண்கள் சம்பளத்திலும் இதே சிக்கல்தான். காலை மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிற பெண்களின் சம்பளம் கணக்கில் வருகிறது. டிகிரி முடித்தும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று வேப்பம்பட்டிலேயே நின்றுவிட்டவர் சம்பாதித்திருக்கக்கூடியது எந்தக் கணக்கிலும் வராது. 2023–24 அரசுக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியப் பெண்களில் 41.7 சதவீதம் பேர்தான் வேலையிலோ வேலை தேடியோ இருந்தார்கள். மற்றவர்களை விட்டுவிட்டுப் போட்ட சராசரி எப்படிச் சரியாக இருக்கும்? அதைத் திருத்துவதற்கு வழி கண்ட ஜேம்ஸ் ஹெக்மனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்? "மாடி கட்டினவனைப் பார்த்தாச்சு. போய்க் கடனோட திரும்பி வந்தவன் யாராவது இருந்தா, அவனையும் ஒரு தடவை கேளுங்கம்மா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பின்தெருவுல ஒருத்தன் இருக்கான் சார். ஆனா அவன் யார்கிட்டயும் அதப் பத்திப் பேச மாட்டான்" என்றார்.

ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் தெருவில் அப்படிப் பேசாமல் இருக்கிறவரைத் தேடிப் போய்ப் பாருங்கள், நேயர்களே.