மனசு சரியில்லாதவரை ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்பாதீர்கள்

(தோட்டக் கமிட்டியின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் பேச எழுந்தால் சம்பளம், வீட்டுக் காணி, பள்ளிக்கூடம் என்றுதான் பேசுவேன். இன்றைக்குப் பேசப்போவது எங்கள் வீட்டுக் கதை. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "சொல்லு, நாலு பேருக்கு ஒதவட்டும்" என்றார்.

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருஷம் அது. அம்மா கைவேகமான ஆள். 20 கிலோவுக்குக் குறையாமல் எடுப்பவர், அந்த வருஷம் 9, 10 கிலோவோடு மடுவத்துக்கு வர ஆரம்பித்தார். அரைப்பேர் விழுந்தது. "ஒனக்கு என்ன, சோம்பேறித்தனமா?" என்று கங்காணி நெரையில் வைத்தே கேட்டார். வீட்டுக்கு வந்தால் இஸ்தோப்பில் உட்கார்ந்து எதிர் மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் இல்லை. ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டு அப்படியே எழுந்து போய்விடுவார். அழவும் இல்லை. அழுதிருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்கும்.

காரணம் என்ன என்று கேட்டால் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. பாட்டி இறந்து எட்டு மாதம். கடையில் கடன். அப்பா அப்போது குடிப்பார். ஆனால் அந்த லயத்தில் கடன் இல்லாத காம்பரா எது? அதனால் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. காத்துக் கருப்பு என்றார்கள். அப்பா அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கோடாங்கிக்குக் கொடுத்தார். ஒரு சொந்தக்காரர், "இப்படியே விட்டா அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று எங்கள் காதுபடச் சொன்னார். அன்று முதல் அம்மா வாய் திறக்கவே பயந்தார்.

சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. மாரியம்மன் கோவிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மனசு லேசாகிறது உண்மை. கோவிலுக்கும் போங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அப்பாவும் இல்லை, நாங்களும் இல்லை. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. தன்னுடைய ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பஸ் காசும் தானே போட்டுக் கூட்டிப் போனார். ஐயாவிடம் அம்மா சொன்னது "ஒடம்பு வலி" என்ற இரண்டு சொல் மட்டும்தான். வலி மாத்திரை எழுதிய துண்டு கைக்கு வரப் போகும் நேரத்தில் பெரியம்மா குறுக்கே புகுந்திருக்கிறார்: "ஒடம்பு வலி மட்டும் இல்லீங்க ஐயா. இவ அஞ்சு மாசமா சிரிக்கல." அந்த ஒரு வார்த்தையில்தான் ஐயா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். இந்த நோய் வந்தவருக்குத் தன் நோயைச் சொல்லத் தெம்பு இருக்காது. நோயே அந்தத் தெம்பைத்தான் முதலில் எடுத்துவிடுகிறது. கூட ஒருவர் போக வேண்டும்.

இதற்கு மனச்சோர்வு என்று பெயர். துக்கம் எல்லாருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டு கிடந்தால், முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், அதோடு தூக்கமும் சாப்பாடும் கெட்டு, உடம்பு ஓய்ந்து, "என்னால யாருக்கும் பிரயோசனம் இல்ல" என்ற எண்ணம் சுற்றிச் சுற்றி வந்தால், வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். நம் ஆட்கள் பலர் மனசைச் சொல்ல மாட்டார்கள். நெஞ்சில் பாரம், தலை எரிச்சல், கைகால் ஓய்ச்சல் என்பார்கள். ஆம்பிளைகளில் சிலருக்கு இது கோபமாக வரும், போத்தலாக வரும். குடித்தால் அன்று இரவு மறக்கும், ஆனால் நோய் இன்னும் ஆழமாகப் போகும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் வரும். அவர்கள் வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடமே சொல்லலாம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப் போடும். அதனால் இரத்தம் சோதிக்கச் சொன்னால் தட்டிக் கழிக்காதீர்கள்.

எங்கே போவது? முதலில் பக்கத்தில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.க்கே போகலாம். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரியாஸ்பத்திரிகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. காசு இல்லை. வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், அதற்கும் காசு போகாது. வைத்தியருக்குத் தமிழ் வராவிட்டால் கூச்சப்படாமல், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். நாம் தயவு கேட்கவில்லை.

மருந்தைப் பற்றி ஒரு விஷயம். எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது, சிலருக்குப் பேசிப் பேசியே தீரும். அம்மாவுக்குக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் வயிற்றைப் பிரட்டியதே தவிர மனசில் ஒரு மாற்றமும் இல்லை. "இது வேலைக்காகாது" என்று மாத்திரையை அடுப்பில் போட்டுவிட்டார். பெரியம்மா பிடித்து ஏசி, திரும்பக் கூட்டிப் போனார். இந்த மருந்து வலி மாத்திரை மாதிரி அன்றே கேட்காது. குணம் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சுகமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. அம்மாவுக்கு ஆறாவது வாரம். ஒரு காலையில் ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்துவிட்டு, "ஏண்டி, உப்பு போட்டியா இல்லையா?" என்று என்னை ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் எனக்கும் இது வந்தது. வருகைப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பெயரைக் கூப்பிட முடியாமல் நின்றிருக்கிறேன். இந்த மேடையில் "பயப்படாதீங்க" என்று உங்களுக்குச் சொன்ன நான், ஆஸ்பத்திரி வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். டீச்சர் அந்த வரிசையில் நிற்பதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம். மூன்றாம் தடவை என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது அம்மா.

சாவைப் பற்றி யாராவது பேசினால், விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பாரம் இறக்கி வைக்க இடம் கிடைக்கும். அப்படிப்பட்டவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து, களைநாசினி எதையும் காம்பராவில் வைக்காதீர்கள். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைத்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உயிரை மாய்க்க முயன்றது குற்றம் என்ற சட்டத்தை 1998இலேயே நீக்கிவிட்டார்கள்.

சம்பளம் கூடினால் இதெல்லாம் தன்னால் சரியாகும் என்று நம்மில் சிலர் சொல்வார்கள். நானும் அப்படி மேடையில் பேசினவள்தான். கடனும் லயத்து நெருக்கடியும் மனசை அரிக்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை, அந்தப் போராட்டத்தை விடவும் போவதில்லை. ஆனால் நோய் விழுந்தவர் சம்பளப் பேச்சு முடியும்வரை காத்திருக்க முடியாது.

ஆகவே கமிட்டி இரண்டு காரியம் எடுத்திருக்கிறது. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளை வேலைக்கு வராத நாளாக எண்ணி வேறு கொடுப்பனவை வெட்டக் கூடாது என்று துரையிடம் எழுத்தில் கேட்கிறோம். கொப்பியில் என்ன நோய் என்று கங்காணியோ கணக்கப்பிள்ளையோ கேட்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு டிவிசனிலும் கூடப் போக இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பஸ் காசு சங்கக் காசிலிருந்து. மேல் டிவிசனுக்குப் பெண் ஆள் கிடைத்துவிட்டார், பணிய டிவிசனுக்கு இன்னும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் நான் பிள்ளைக்காம்பராப் பக்கம் நிற்பேன். பெயர் கொடுப்பவர்களும் வரலாம், சும்மா பேச வேண்டியவர்களும் வரலாம். அம்மாவும் வந்திருக்கிறார், அங்கேதான் இருப்பார்.