சாய்வு வாங்கில் பயிற்சி: பயந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கோ



முதுகுநோ, தோள்மூட்டுநோ என்று போகும் கனபேரை வைத்தியர் பிசியோதெரபிக்கு அனுப்புகிறார். அங்கே சாய்வைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு வாங்கு இருக்கும்.

சாய்வை மாற்றுவது பிசியோவின் வேலை. மாற்றும்போது எழும்பி நில்லுங்கோ. பின் துளைக்குள் முழுதாகப் பூட்டியிருக்குதா என்று பார்த்து, சாய்கிற பலகையைக் கையால் ஒருக்கா அமத்திப் பார்த்த பிறகுதான் இருக்கவேணும். மடிகிற இடத்தில் விரலை வைக்காதேங்கோ. பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கவேண்டாம். குத்துகிற நோவோ, விறைப்போ வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யாமல் நிற்பாட்டுங்கோ. படுத்திருந்து சட்டென்று எழும்பினால் தலை சுத்தும். கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புங்கோ.

இனி முக்கியமான விடயம். தடுப்பில் அடிபட்டு வந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்து ஒருவர் மேலே நின்றால் பழைய பயம் திரும்பி வரலாம். நெஞ்சு படபடக்கும், வேர்க்கும். அது பைத்தியமல்ல, வெட்கப்படவும் வேண்டாம். "நிமிர்ந்து இருந்து செய்யலாமா?" என்று கேளுங்கோ. கதவு தெரியிற பக்கம் வாங்கைத் திருப்பச் சொல்லலாம். நீங்கள் கையை உயர்த்தினால் உடனே நிற்பாட்டவேணும் என்று தொடங்க முதலே பேசிவையுங்கோ. உடம்பில் ஷெல் துண்டு, சன்னம் இருந்தால் அதையும் சொல்லுங்கோ.

இங்கிலாந்தில் தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு என்.எச்.எஸ். மருத்துவமனைச் சிகிச்சை இலவசம். மொழிபெயர்ப்பாளருக்கும் காசில்லை, நாள் குறிக்கும்போதே கேளுங்கோ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். பிள்ளைக்கு முன்னால் எல்லாத்தையும் சொல்ல ஏலாது.

சொன்னால்தான் பிசியோவுக்குத் தெரியும்.