மனுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்!
(கரையான்சாவடியில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! தாய்மார்களே!

ஷிப்டு முடிந்த அலுப்போடும், வயலிலிருந்து கரையேறிய காலோடும் வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மில்லில் கூலியைப் பிடித்தால் சங்கத்துக்குப் போகிறோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடித்தால், பணம் கட்டவில்லையென்று வெயிலில் நிறுத்தினால் மட்டும் ஏன் வாய்மூடி நிற்கிறோம்? "கேட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்களே" என்ற பயம். அது நியாயமான பயந்தான். ஆனால் மௌனத்துக்கும் விலை உண்டு. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அது ஓலைக் கூரை. எவர் கண்ணுக்கும் மறைந்திருந்ததல்ல. குற்றம் பெற்றோருடையதன்று, ஆனால் அதிகாரிகளை எழுத்து மூலம் கேள்வி கேட்கும் பழக்கம் நமக்கு வந்தாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 17-வது பிரிவு தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 16-வது பிரிவு. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க, ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் ஒரு கமிட்டியும் இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள், என்ன பரிகாரம் வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வெட்கம் வேண்டாம். தெரிந்த தோழரைக் கொண்டு எழுதுங்கள். முதலில் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அரசுப் பள்ளியானால் மேலாண்மைக் குழுவிலும் வையுங்கள். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அது நம்முடைய குழு!

அங்கே நடக்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், திங்கட்கிழமைகளில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் என்று மேலே போங்கள். 32-வது பிரிவின்படி உள்ளாட்சி அதிகாரத்திடம் எழுத்து மூலம் தந்த புகாரை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். முடிவு திருப்தியில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் அப்பீல் செய்யலாம். மனு என்ன ஆயிற்றென்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒன்று மட்டும் வேறு விஷயம். பிள்ளையிடம் எவனாவது தகாத முறையில் நடந்தால் பள்ளிக்கூட விசாரணைக்குக் காத்திராதீர்கள். நேரே போலீசுக்குப் போங்கள்; அல்லது 1098-க்குப் போன் செய்யுங்கள். தெரிந்தும் மறைப்பது 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி குற்றம்.

தோழர்களே! வாயால் சொன்னது காற்றோடு போகும். ஆகவே மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் படியிறங்காதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். ஒரு தாய் போனால் கெஞ்சல். பத்துத் தாய்மார்கள் கையெழுத்திட்டுப் போனால் கோரிக்கை! பத்துப் பேரின் பிள்ளைகளை எவரும் லேசில் பழிவாங்க முடியாது. பயத்துக்கு மருந்து ஒற்றுமையே!