வயலெலியும் கூகையும்



அமெரிக்கப் பண்ணை நிலங்களில் ‘கிரவுண்டுஹாக்’ என்றொரு கொறிவிலங்கு உண்டு. மேய்ச்சல் நிலத்தைத் தோண்டி வளை அமைக்கும், பயிரையும் மேயும். பட்டப்பகலில் வெளிவந்து, வளைவாயிலில் நிமிர்ந்து நின்று நாற்புறமும் பார்ப்பது அதன் இயல்பு. ஆதலால் வேட்டைக்காரர்கள் பல நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து, தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியால் அதனைக் குறிபார்த்துச் சுடுகின்றனர்.

காவிரியும் கொள்ளிடமும் அணைத்து நிற்கும் திருவரங்கத்தைச் சுற்றியும், இலால்குடிப் பகுதியிலும், நெல்லைச் சூறையாடும் பகைவன் வேறு. அவன் வயலெலி. இருட்டிய பின்னரே வெளிப்படுவான். பயிரின் மறைவில் நடமாடுவான். அவனிடம் துப்பாக்கி என்ன செய்யும்?

வயலெலிகளுள் பெருங்கேடு விளைப்பது கரம்பை எலி. நெற்பயிர் பொதி கட்டும் பருவத்தில் தூரை அறுத்துத் தள்ளும்; கதிர் முற்றியதும் அதனைக் கத்தரித்து வளைக்குள் சேர்த்துவைக்கும். ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்ற பழமொழி இவ்வெலிக்கு முற்றும் பொருந்தும். வளர்ந்த கரம்பை எலி பெரும்பாலும் தனியாகவே ஒரு வளையில் வாழ்கிறது. தாய் எலி ஏறக்குறைய மூன்று வாரச் சூலில் பல குட்டிகளை ஈனுகிறது. உழவன் ஓராண்டு உழைப்பு ஒரு சில இரவுகளில் குறைந்துபோவது இவ்வாறுதான்.

நம்மவர் இதற்கு வழி காணாமலில்லை. மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டிய தஞ்சாவூர்க் கிட்டி புகழ்பெற்றது. செங்கற்பட்டுப் பகுதி இருளர், அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைப் புகையவைத்து, அப்புகையை வளைக்குள் ஊதி எலி பிடிப்பர். ஆனால் ஒருவர் மட்டும் தம் வயலில் எலியை ஒழித்தால் பயனில்லை. அடுத்த வயலின் எலி, காலியான வளையில் குடியேறிவிடும். நடவுக்கு முன்னரே, ஊரார் அனைவரும் ஒன்றுகூடி, வரப்புகளைச் செதுக்கிச் சிறிதாக்கி, ஒரே காலத்தில் வேட்டையைத் தொடங்குவதே முறை.

இவ்வேட்டையில் கூலி கேளாத துணைவன் ஒருவன் நமக்கு உண்டு. அவன்தான் கூகை. வெண்முகம் கொண்ட இவ்வாந்தை பழைய கோபுரங்களின் பொந்துகளிலும் பாழ்மண்டபங்களிலும் பகலெல்லாம் உறங்கும். இரவில் ஓசையின்றிப் பறந்து வயலுக்கு வரும். அதன் இரு செவிகளும் ஒரே உயரத்தில் அமையாதவை. ஒலி வரும் திசையைத் துல்லியமாக அறிய அவ்வேறுபாடு அதற்கு உதவுகிறது. முழு இருட்டறையிலும் கூகை செவியொன்றையே கொண்டு எலியைப் பற்றுகிறது என்பதை ரோஜர் பெய்ன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் எலியை அடக்குவதற்காகவே பெட்டிகள் அமைத்துக் கூகைகளைக் குடியிருத்துகின்றனர்.

நாமோ அதன் குரலைச் சாவின் அறிகுறி என்று அஞ்சிக் கல்லெறிகிறோம்! எலிக்கு வைக்கும் நஞ்சுகளுள் சில, அவ்வெலியைத் தின்னும் கூகையையும் கொல்கின்றன. கூகை ஒன்று மடிந்தால், அது உண்ணவேண்டிய எலிகள் நம் நெல்லை உண்ணும். எனவே நஞ்சைக் குறைத்து, வயலில் தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டுவைத்தால், அவற்றின்மீது அமர்ந்து அது வேட்டையாடும். செலவோ மிகச் சிறிது.

மாணவ நண்பர்களே! கூகை தான் விழுங்கிய எலியின் மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது தங்குமிடத்தின் கீழே அவ்வுருண்டைகள் கிடைக்கும். ஆசிரியர் துணையுடன், கையுறை அணிந்து எடுத்து, நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பாருங்கள். உள்ளிருக்கும் எலி மண்டையோடுகளை எண்ணி, அக்கணக்கை உங்கள் ஊர் உழவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கூகை நண்பனா, பகைவனா என்பதை அவரே சொல்லட்டும்.